பிரவுன்-செக்கார்: தன் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கியவர்

மருத்துவம் படிக்கும் அண்ணனோ அக்காவோ வீட்டில் இருந்தால் பிரவுன்-செக்கார் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். முதுகுத் தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் அறுபட்டால் உடலில் தோன்றும் அறிகுறிகளுக்கு அந்தப் பெயர்தான் என்று உடனே சொல்வார்கள். நரம்பியல் தேர்வில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி அது. விளையாட்டுத் துறையில் ஊக்கமருந்தின் வரலாற்றை அறிந்த ஒருவரிடம் அதே பெயரைச் சொன்னால் வேறொரு கதை வரும். 72 வயதில் விலங்குகளின் விந்தகச் சாற்றைத் தன் உடம்பில் ஊசி வழியாக ஏற்றிக்கொண்டு, இழந்த வலிமை திரும்பிவிட்டது என்று அறிவித்த ஒரு பேராசிரியரின் கதை.

இரண்டும் ஒரே மனிதரின் வாழ்க்கைதான். தண்டுவடம், வயது, ஆண்-பெண் வேறுபாடு ஆகிய மூன்றையும் தொட்டவர் அவர். முதலாவதில் அவர் சொன்னது இன்றும் பாடநூலில் இருக்கிறது. மற்ற இரண்டில் அவர் கேட்ட கேள்வி சரியானது. காட்டிய ஆதாரம்தான் நிற்கவில்லை. அந்த வேறுபாடு எப்படி ஏற்பட்டது என்பதற்காகவே இவருடைய வரலாற்றைப் படிக்கலாம்.

கப்பலோடு காணாமல் போன தந்தை

சார்ல்ஸ்-எடுவார் பிரவுன்-செக்கார் 1817-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி மொரிஷியஸ் தீவின் போர்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிரிட்டிஷார் அந்தத் தீவைக் கைப்பற்றி ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. துறைமுகத்தில் பிரெஞ்சு, கிரியோல், ஆங்கிலம் மட்டுமல்ல, தமிழும் கேட்டிருக்கும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டிருந்தார்கள்.

தந்தை சார்ல்ஸ் எட்வர்ட் பிரவுன் அமெரிக்கர். வணிகக் கப்பலின் தலைவர். தீவுக்கு உணவுப் பொருள் ஏற்றிவரப் புறப்பட்ட அவருடைய கப்பல் திரும்பவே இல்லை. மகன் பிறப்பதற்கு முன்பே அவர் கடலோடு போய்விட்டார். தாய் ஷார்லோட் செக்கார் பிரெஞ்சு வம்சாவளிப் பெண். தையல் வேலை செய்து மகனை வளர்த்தார். ஆக, அமெரிக்கத் தந்தை, பிரெஞ்சுத் தாய், பிரிட்டிஷ் குடியுரிமை. எந்த நாடு தன்னுடையது என்ற கேள்வி அவரை அறுபது வயது வரை விடவில்லை.

பையனுக்கு ஆசை எழுத்தாளராவது. சிறு வயதிலேயே ஒரு கடையில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே கவிதை, நாடகம் என்று எழுதினார். 1838-இல் தாயும் மகனும் பாரிசுக்குக் கப்பல் ஏறினார்கள். கையெழுத்துப் படிகளை எடுத்துக்கொண்டு, அந்நாளில் புகழ்பெற்றிருந்த எழுத்தாளர் சார்ல்ஸ் நோதியேயிடம் போனார். நோதியே படித்துப் பார்த்தார். வேறு தொழில் தேடிக்கொள்ளும்படி அறிவுரை சொல்லி அனுப்பிவிட்டார். இலக்கியத்துக்கு இழப்பா என்று நமக்குத் தெரியாது. மருத்துவத்துக்கு அது ஆதாயம்.

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மொரிஷியஸிலிருந்து வந்து படிக்கும் மாணவர்களுக்கு அறையும் சாப்பாடும் கொடுத்துத் தாய் குடும்பத்தை நடத்தினார். படிப்பு முடியும் முன்பே அந்தத் தாயும் இறந்துபோனார். மகன் நிலைகுலைந்து சில காலம் படிப்பையே விட்டுவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினார். தந்தையின் பெயரான பிரவுனோடு தாயின் குடும்பப் பெயரையும் இணைத்துக்கொண்டது அதன் பிறகுதான். தன் பெயர் எழுதப்படும் இடமெல்லாம் தாயும் இருக்க வேண்டும் என்று நினைத்தார் போலும்.

பாதி அறுபட்ட தண்டுவடம்

1846-இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றபோது எழுதிய ஆய்வேடே தண்டுவடத்தைப் பற்றியதுதான். அவர் என்ன கண்டுபிடித்தார் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

தண்டுவடம் என்பது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கயிறு. பெரியவர்களில் சுமார் 45 சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் அளவு தடிமன். மூளையிலிருந்து தசைகளுக்குக் கட்டளை இறங்குவதும், தோலிலிருந்து உணர்ச்சி மூளைக்கு ஏறுவதும் இதன் வழியாகத்தான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே கேலன் என்ற மருத்துவர் விலங்குகளின் தண்டுவடத்தை வெட்டிப் பார்த்து, வெட்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் செயலிழக்கிறது என்று எழுதிவைத்திருந்தார். பிரவுன்-செக்கார் படித்த காலத்தில், உணர்ச்சிகள் எல்லாம் தண்டுவடத்தின் பின்பகுதியில் உள்ள நார்க்கற்றைகள் வழியே நேராக மேலே ஏறுகின்றன என்பதே பலரும் ஏற்றிருந்த கருத்து.

அவர் அந்தப் பின்கற்றைகளை வெட்டிப் பார்த்தார். விலங்குக்கு வலி தெரிவது நிற்கவில்லை. அப்படியானால் வலி வேறு பாதையில் போகிறது. அடுத்து தண்டுவடத்தின் வலப் பாதியை மட்டும் குறுக்கே வெட்டினார். வலக் கால் அசைவை இழந்தது. அது கேலனுக்கும் தெரிந்ததுதான். ஆனால் வலி தெரியாமல் போனது வலக் காலில் அல்ல, இடக் காலில்! குத்தினாலும் சுட்டாலும் இடக் காலுக்கு உறைக்கவில்லை. அந்தக் கால் அசைவதிலோ குறை ஒன்றும் இல்லை.

இதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. வலியையும் வெப்பத்தையும் சுமக்கும் பாதை, தண்டுவடத்துக்குள் நுழைந்த சிறிது தொலைவிலேயே எதிர்ப்பக்கம் தாண்டிவிடுகிறது. அசைவுக் கட்டளையோ மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலேயே பக்கம் மாறிவிட்டு, பிறகு நேராக இறங்குகிறது. கத்திக்குத்துப் பட்டவர்களிடமும், தண்டுவடத்தை ஒரு பக்கமாகக் கட்டி அழுத்தும் நோயாளிகளிடமும் இதே கோலம் பின்னர் உறுதியானது. இன்று மருத்துவர் ஒருவர் ஊசி முனையையும் இசைக்கவை ஒன்றையும் வைத்துக்கொண்டே, ஊடுகதிர்ப்படம் வருவதற்கு முன்பே, காயம் தண்டுவடத்தின் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட முடிகிறது என்றால் அதற்கு இந்தக் கண்டுபிடிப்பே காரணம்.

பழைய கருத்துக்கு இவ்வளவு நேர் எதிரான முடிவை யார் சும்மா நம்புவார்கள்? 1848-இல் பாரிசில் தொடங்கிய உயிரியல் கழகத்தின் நிறுவன உறுப்பினர்களில் இவரும் ஒருவர். அந்தக் கழகமே ஒரு குழுவை அமைத்து இவருடைய சோதனைகளை மறுபடி செய்து பார்த்தது. பின்னாளில் மூளையின் பேச்சுப் பகுதியைக் கண்டறிந்து புகழ்பெற்ற போல் புரோக்கா 1855-இல் எழுதிய அறிக்கை இவர் பக்கம் நின்றது. இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள். 1889-இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இது உதவும்.

எல்லாம் தன் மேலேயே

வறுமை அவரை விடவில்லை. வாடகை அறையில் சோதனை விலங்குகளோடு குடியிருந்தார். விலங்கு கிடைக்காதபோது அவர் தன்னையே பயன்படுத்திக்கொண்டார். இரைப்பைச் சாறு எப்படி இருக்கிறது என்று பார்க்க, நூலில் கட்டிய கடற்பஞ்சை விழுங்கி மறுபடி வெளியே இழுத்தார். அதைத் திரும்பத் திரும்பச் செய்ததன் பலன், விழுங்கிய உணவு வாய்க்கு எதுக்களித்து வரும் தொல்லை. அது வாழ்நாள் முழுதும் இருந்தது.

1851-இல் கில்லட்டினில் தலை வெட்டப்பட்ட ஒரு கைதியின் உடல் அவருக்குக் கிடைத்தது. இறந்து பல மணி நேரமாகி விறைத்துப்போன கையின் இரத்தக் குழாயில் புதிய இரத்தத்தைச் செலுத்தினால் தசை மீண்டும் இயங்குமா என்பது கேள்வி. இரத்தத்துக்கு எங்கே போவது? தன் கையிலிருந்தே எடுத்தார். தசைகள் விறைப்பு தளர்ந்து, தூண்டியபோது சுருங்கின. கேட்கவே கூசுகிறது என்றாலும், தசை உயிரோடிருக்க இரத்தம் கொண்டுவரும் பொருள்களே தேவை என்பதற்கு அது வலுவான சான்று.

பிரான்சின் அரசியல் மாறி லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியதும், குடியரசு ஆதரவாளரான இவர் 1852-இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். பாய்மரக் கப்பல், நீண்ட பயணம். அந்தப் பயணத்திலேயே ஆங்கிலம் கற்றுக்கொண்டார். அங்கே பிள்ளைப்பேறு பார்த்து ஐந்து ஐந்து டாலராகச் சம்பாதித்தார், பிரெஞ்சு மொழி சொல்லிக் கொடுத்தார், விரிவுரை ஆற்றினார். அதே ஆண்டில், கழுத்து வழியே ஓடும் ஒரு நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் முகத்தின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன என்று காட்டினார். நரம்புகள் இரத்தக் குழாயின் விட்டத்தை ஆளுகின்றன என்ற அறிவின் தொடக்கங்களில் அது ஒன்று. பாரிசில் குளோத் பெர்னார் ஏறத்தாழ அதே நேரத்தில் அதே பாதையில் போய்க்கொண்டிருந்தார்.

1854-இல் பிறந்த மண்ணுக்குத் திரும்பியபோது மொரிஷியஸில் காலரா பரவியிருந்தது. காலரா மருத்துவமனை ஒன்றின் பொறுப்பை ஏற்றார். அபின் கலந்த மருந்து நோயை நிறுத்துமா என்று அறிய, நோயாளிகள் வாந்தி எடுத்ததையே விழுங்கித் தனக்கு நோயை வரவழைத்துக்கொள்ள முயன்றார். பிறகு மருந்தை மிகுதியாகக் குடித்து உயிர் போகும் நிலைக்குப் போய் மீண்டார். தீவு மக்கள் அவருக்குப் பதக்கம் வழங்கினார்கள். பதக்கம் அவருடைய துணிவுக்கும் உழைப்புக்கும். சோதனை என்று பார்த்தால், ஒரே ஒரு ஆள், அதுவும் எதிர்பார்ப்போடு இருக்கும் ஆள், எதையும் நிரூபிக்க முடியாது.

அடுத்து வர்ஜீனியாவின் ரிச்மண்டில் பேராசிரியர் வேலை. அங்கே தோல் மூடப்பட்டால் உடல் என்னாகும் என்று பார்க்க உடம்பு முழுதும் வார்னிஷ் பூசிக்கொண்டார். மயங்கிக் கிடந்தவரை ஒரு மாணவர் கண்டுபிடித்துச் சுரண்டிச் சுரண்டிக் காப்பாற்றினார். அந்த வேலை ஓராண்டுகூட நீடிக்கவில்லை. மனிதர் எந்த ஊரிலும் நீடித்து இருக்கமாட்டார் என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சிறுநீரகத்தின் மேல் ஒரு தொப்பி

1855-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன், சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கெட்டுப்போனால் நோயாளி வாடி இறக்கிறார் என்று விவரித்தார். மறு ஆண்டே பிரவுன்-செக்கார் விலங்குகளிலிருந்து அந்தச் சுரப்பிகளை நீக்கிப் பார்த்தார். விலங்குகள் எல்லாம் விரைவில் இறந்தன. அந்தச் சுரப்பி இன்றி உயிர் இல்லை என்றார்.

எதிர்ப்பு உடனே வந்தது. வெள்ளெலிகளில் அதே அறுவையைச் செய்த மற்றொருவர், அவை பிழைத்திருப்பதைக் காட்டினார். சில எலிகளின் உடலில் அட்ரினல் திசு வேறு இடங்களிலும் சிறு துணுக்குகளாக இருக்கும் என்பது அன்று தெரியாது. பிரவுன்-செக்கார் சொன்னதே சரி. ஆனால் அது தெளிவாகப் பல பத்து ஆண்டுகள் பிடித்தன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தண்டுவடத்தில் அவர் தேடியது, உடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்கு நரம்பு வழியே எப்படிச் செய்தி அனுப்புகிறது என்பதை. அட்ரினலில் அவருக்குத் தென்பட்டது இரண்டாவது அஞ்சல் வழி. நரம்பே இல்லாமல், ஒரு சுரப்பி இரத்தத்தில் ஏதோ ஒன்றைக் கலக்கிறது. தொலைவில் உள்ள உறுப்புகள் அதற்குக் கட்டுப்படுகின்றன. ஹார்மோன் என்ற சொல் பிறக்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். லண்டனில் முடக்குவாத, வலிப்பு நோயாளிகளுக்கான தேசிய மருத்துவமனை 1860-இல் திறக்கப்பட்டபோது அதன் முதல் மருத்துவர்களில் ஒருவர். அதே ஆண்டில் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1864 முதல் மூன்றாண்டுகள் ஹார்வர்டில் பேராசிரியர். மூன்று திருமணங்கள், மூன்று அறிவியல் ஏடுகள், எண்ணற்ற கடல் பயணங்கள்.

இந்தக் காலத்தில் அவர் செய்தவை எல்லாம் போற்றத்தக்கவை அல்ல. அடிமை முறையை எதிர்த்துப் பேசியதற்காக 1856-இல் அமெரிக்க மேலவையிலேயே கைத்தடியால் அடித்து நொறுக்கப்பட்ட சார்ல்ஸ் சம்னர், 1858-இல் சிகிச்சைக்கு இவரிடம் பாரிசுக்கு வந்தார். தண்டுவடம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று முடிவுகட்டி, மயக்க மருந்தும் இல்லாமல் அவருடைய முதுகுத்தோலைத் தீயால் பலமுறை சுட்டார் பிரவுன்-செக்கார். அந்தச் சிகிச்சைக்கு அடிப்படையே இல்லை. வலியின் பாதையைக் கண்டுபிடித்தவரே அப்படிச் செய்தார் என்பது நெருடத்தான் செய்கிறது.

1878-இல் குளோத் பெர்னார் இறந்ததும், கொலேஜ் து பிரான்சில் அவருடைய பேராசிரியர் இருக்கை இவருக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையும் அப்போதுதான். 61 வயதில் ஒருவழியாக ஓரிடத்தில் அமர்ந்தார்.

1889, ஜூன் 1

விந்தகங்கள் நீக்கப்பட்ட ஆண் விலங்குகள் வலிமை குன்றுகின்றன என்பது உழவர்களுக்கு எப்போதோ தெரியும். காளையும் காயடித்த எருதும் ஒன்றல்ல. அப்படியானால் விந்தகமும் அட்ரினலைப் போலவே இரத்தத்தில் எதையோ சேர்க்கிறது. முதுமையில் அது குறைவதால்தான் ஆண்களின் வலிமை தளர்கிறது. அந்தப் பொருளைத் திரும்பக் கொடுத்தால்? இந்த எண்ணம் அவர் மனத்தில் இருபது ஆண்டுகளாக இருந்தது.

முதுமை அவரை வாட்டியது. ஆய்வுக்கூடத்தில் அரை மணி நேரம் நின்றாலே உட்கார வேண்டியிருந்தது. மாலையில் வீடு திரும்பினால் ஏதோ கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். 1889 மே மாதம், இளம் நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விந்தகங்களை நீரோடு அரைத்து வடிகட்டிய சாற்றைத் தன் தோலுக்கடியில் செலுத்திக்கொண்டார். மூன்று வாரத்துக்குள் பத்து ஊசிகள்.

ஜூன் 1-ஆம் தேதி, தானும் சேர்ந்து தொடங்கிய அதே உயிரியல் கழகத்தில் முடிவுகளை வாசித்தார். இப்போது மணிக்கணக்கில் நின்று வேலை செய்ய முடிகிறது, மாடிப்படியில் விரைந்து ஏற முடிகிறது, கையின் பிடிவலிமையை அளக்கும் கருவியில் 6, 7 கிலோ கூடியிருக்கிறது, மலச்சிக்கல் தீர்ந்திருக்கிறது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் எழுத முடிகிறது. ஊசியை நிறுத்திச் சில வாரங்களில் பழைய தளர்ச்சி திரும்பியது என்பதையும் மறைக்காமல் பின்னர் எழுதினார்.

உலகம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் கேலி. முதிய பேராசிரியர்களுக்குக் கட்டாய ஓய்வு தர வேண்டியதன் அவசியத்தை இது காட்டுகிறது என்கிற தொனியில் ஜெர்மன் மருத்துவ ஏடு ஒன்று எழுதியது. இன்னொரு பக்கம் ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் அந்தச் சாற்றைச் செலுத்தத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் வாழ்வளிக்கும் அமுதம் என்று புட்டியில் அடைத்து விற்றார்கள். பிட்ஸ்பர்க் அணியின் பேஸ்பால் வீரர் பட் கால்வின் அதே ஆண்டில் அதைப் போட்டுக்கொண்டு ஆடினார். விளையாட்டில் ஊக்கமருந்தின் வரலாற்றை எழுதுபவர்கள் அவரிடமிருந்து தொடங்குவது வழக்கம். பிரவுன்-செக்காரோ ஒரு காசு பார்க்கவில்லை. உதவியாளர் தார்சொன்வாலோடு சேர்ந்து சாற்றைத் தயாரித்து, கேட்ட மருத்துவர்களுக்கு இலவசமாகவே அனுப்பிவைத்தார்.

இப்போது நாம் கேட்க வேண்டியது, அந்தச் சாற்றில் என்ன இருந்தது? ஏறக்குறைய ஒன்றும் இல்லை. விந்தகம் டெஸ்டோஸ்டிரோனை உற்பத்தி செய்த கையோடு இரத்தத்தில் விட்டுவிடுகிறது, சேர்த்துவைப்பதில்லை. போதாததற்கு அது கொழுப்பில் கரையும் பொருள். நீரில் மிக அரிதாகவே கரையும். 2002-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிலர் அவருடைய செய்முறைப்படியே சாறு தயாரித்து அளந்து பார்த்தார்கள். பயன் தரக்கூடிய அளவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவாகவே டெஸ்டோஸ்டிரோன் இருந்தது.

அப்படியானால் அவர் பொய் சொன்னாரா? இல்லை. மாடிப்படி உண்மை, கூடிய கிலோக்களும் உண்மை. வலிமை வரும் என்று நம்பியவருக்கு வலிமை வந்தது. மனம் உடலை ஏமாற்றும் என்பது அவருக்குத் தெரியாததும் அல்ல. அந்த ஐயத்தை அவரே எழுப்பி, வயதான மற்ற ஆய்வாளர்களும் செய்து பார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். வாரியோ என்ற மருத்துவர் மூன்று ஆண்களுக்கு, என்ன சாறு என்று சொல்லாமலே செலுத்திப் பார்த்து, பலன் உண்டு என்றார். ஆனால் வலுவூட்டும் ஊசி என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெறும் நீரைச் செலுத்திக்கொண்ட மூன்று பேர் பக்கத்தில் இல்லை.

முன்பு புரோக்காவின் குழுவைக் குறிப்பிட்டேன் அல்லவா? தண்டுவடச் சோதனையில் வெட்டியவர் வேறு, சரிபார்த்தவர் வேறு. வலிக்கிறதா இல்லையா என்பதில் கினிப்பன்றிக்கு எந்தக் கொள்கையும் கிடையாது. 1889-இல் மருந்து செய்தவர், ஏற்றிக்கொண்டவர், அளந்தவர், வலிமை வேண்டுமென ஏங்கியவர் நால்வரும் ஒருவரே. கூர்மையான அறிவோ நேர்மையோ அந்த இடத்தில் உதவவில்லை. கடற்பஞ்சிலும் காலராவிலும் வார்னிஷிலும் பழகிய துணிவே அவருக்குப் பகையாகிவிட்டது என்பது என் எண்ணம்.

தவறான ஊசியும் சரியான வழியும்

கேலி செய்தவர்களும் முழுதாக வெல்லவில்லை. சுரப்பி குறைந்தால் அதன் சாற்றைக் கொடுத்து ஈடுசெய்யலாம் என்ற எண்ணம் பரவிவிட்டது. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகர மருத்துவர் ஜார்ஜ் மரே, தைராய்டு சுரப்பி செயலிழந்து உடல் வீங்கிச் சோர்ந்துகிடந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றைச் செலுத்தினார். தைராய்டு தன் ஹார்மோனைச் சேர்த்துவைக்கும் சுரப்பி. ஆகவே இந்தச் சாறு உண்மையிலேயே வேலை செய்தது. அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். ஸ்டார்லிங் 1905-இல் ஹார்மோன் என்ற சொல்லைத் தந்தார். 1922-இல் நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் கிடைத்தது. டெஸ்டோஸ்டிரோன் தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டது 1935-இல்தான்.

அவற்றில் பெரும்பாலானவற்றைப் பிரவுன்-செக்கார் பார்க்கவில்லை. 1894-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூன்றாவது மனைவி எலிசபெத் இறந்தார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் தொடக்கத்தில், 77-ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள்களே இருந்தபோது அவரும் பாரிசில் காலமானார். மோன்பர்னாஸ் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் வாழ்நாளில் தண்டுவட ஆய்வு ஒரு பக்கம், சுரப்பி ஆய்வு மறு பக்கம் என்று தனித்தனியாகவே நின்றன. அவை ஒன்றுசேர்ந்தது அவருக்குப் பிறகுதான். 1980-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், எலியின் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் இடுப்புத் தசைகளை இயக்கும் ஒரு நரம்பணுக் கூட்டம் ஆணில் பெண்ணைவிடச் சுமார் மூன்று மடங்கு இருப்பதைக் காட்டினார்கள். பிறக்கும் பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் கிடைத்தால் அந்த அணுக்கள் பிழைக்கின்றன. கிடைக்காவிட்டால் பெரும்பாலானவை மடிகின்றன. தண்டுவடத்துக்கும் ஆண், பெண் என்ற வேறுபாடு உண்டு!

அடுத்து நொதிகள். நொதி என்பது உயிரணுவுக்குள் ஒரு பொருளை மற்றொரு பொருளாக மாற்றும் வேலையை விரைவுபடுத்தும் புரதம். என்சைம் என்று சொல்கிறோமே, அதுதான். அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோனாக மாற்றுகிறது. இந்த நொதி தண்டுவடத்தில், வலிச் செய்தி வந்து சேரும் பின்கொம்புப் பகுதியின் நரம்பணுக்களிலேயே இருக்கிறது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட சோதனையில், காடைகளின் தண்டுவடத்தில் அந்த நொதியைத் தடுத்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் சுடுநீர் அவற்றுக்கு முன்போல் உறைக்கவில்லை. காலைத் தாமதமாகவே இழுத்துக்கொண்டன. பிரவுன்-செக்கார் கத்தியால் தேடிய வலியின் பாதையும், ஊசியால் தேடிய பாலின ஹார்மோனும் ஒரே நரம்பணுவுக்குள்!

அந்த நொதிக்கு வேண்டிய மூலப்பொருள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் இரத்தத்தில் ஓடுவதில்லை. வயதோடும் அது மாறுகிறது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் மெல்ல மெல்லக் குறைகிறது. பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஐம்பது வயதை ஒட்டி, மாதவிடாய் நிற்கும் காலத்தில், சட்டென்று இறங்குகிறது. ஆகவே இளம் ஆண் எலியின் தண்டுவடத்தில் ஒரு நொதி இவ்வளவு வேகமாகச் செயல்படுகிறது என்று அளந்துவிட்டு, அதுவே வயதான பெண் எலிக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் நரம்பியல் ஆய்வுகளில் நெடுங்காலம் ஆண் விலங்குகளையே மிகுதியாகப் பயன்படுத்தி, முடிவை எல்லாருக்கும் பொதுவாக எழுதிவந்தார்கள். வலி மருந்துகளை உட்கொள்ளப்போகிறவர்களில் பாதிப்பேர் பெண்கள், பலர் முதியவர்கள் என்பது அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

2016 ஜனவரி முதல், அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்களிடம் நிதி கேட்கும் ஆய்வாளர்கள், விலங்குகளின் பாலினத்தை ஆய்வில் எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை விண்ணப்பத்திலேயே விளக்க வேண்டும். ஒரே பாலினத்தை மட்டும் பயன்படுத்துவதானால் அதற்குத் தகுந்த காரணமும் காட்ட வேண்டும்.